முதியோர் பணியிடம் அறுபத்து நான்கு

தம்பையாவின் மனைவி ரெங்கம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். அப்படியும் அவள் இன்னும் முதியவள் ஆகவில்லை என்று அரசாங்கம் சொன்னபோது, தம்பையா தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்.

சொன்னவர் சிவபிரகாஷ், தீவு மூத்தோர் துணை வாரியத்தின் உதவி அலுவலர். மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஃபேனைத் தம்பையா பக்கம் திருப்பி, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் சொன்னார்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதை நான் இல்லைன்னு சொல்லலைங்க ஐயா. ஆனா முதியவர்ங்கிறது வயசு கிடையாது. அது ஒரு போஸ்ட். மெயின்லேண்டுல இருந்து ஃபண்ட் வர்றது தலைக்கு இல்ல, போஸ்டுக்கு. நமக்கு சாங்ஷன் ஆன போஸ்ட் அறுபத்து நாலு. அறுபத்து நாலுலயும் ஆள் இருக்காங்க."

"அப்ப எம் பொஞ்சாதி யாருங்க சார்?"

"காத்திருப்போர்."

வாரியம் கொடுப்பது ஒரு துணைப் பெண்ணை. தினமும் காலையில் நான்கு மணி நேரம் வீட்டுக்கு வந்து, கிடப்பவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். தம்பையாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, கச்சால் தீவில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உடம்பு அவருடையது. எழுபத்திரண்டு வயதில் அந்த உடம்பு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கவே யோசிக்கிறது. போன மாதம் ரெங்கம்மாவைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ள, அவளை நழுவவிட்டுவிட்டார். அவள் முதுகில் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்த படுக்கைப்புண் இப்போது உள்ளங்கை அகலம். "இது எலும்பைத் தொட்டுட்டா அப்புறம் என் கையில இல்ல பெரியவரே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதமோ நான்கு மாதமோதான் அவர் கொடுத்த கெடு.

அது ஏன் அறுபத்து நான்கு என்று தம்பையா கேட்டார். நியாயமான கேள்விதான். சிவபிரகாஷும் ஒளிக்காமல் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு முதியோரைக் கணக்கெடுக்க டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. கடல் கொந்தளிப்பு. தீவு தீவாகப் போக முடியவில்லை. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கப்பல் துறையான ஹேடோ ஜெட்டியில் போய் நின்றார்கள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றவர்களில் தலை நரைத்தவர்களை எண்ணினார்கள். அறுபத்து நான்கு பேர். அன்றைக்குக் கப்பல் ரத்தாகி ஆட்கள் தேங்கியிருக்காவிட்டால் இன்னும் குறைந்திருக்கும், நம் நல்லகாலம் என்றார் சிவபிரகாஷ்.

"அறுபத்தஞ்சாவதா ஒருத்தரைச் சேர்த்தா ஆடிட்ல மாட்டும். அறுபத்து மூணாக் குறைஞ்சா அந்த ஒரு போஸ்டையே எடுத்துடுவாங்க. அதனாலதான் நாங்க ஒரு முறை வச்சிருக்கோம். இணைப்பு முறை."

முறை இதுதான். காத்திருப்போர் பட்டியலின் மேலே இருக்கும் ஒவ்வொருவரையும், பணியிலிருக்கும் ஒரு முதியவரோடு இணைத்துவிடுவார்கள். அந்த முதியவர் காலியானால், இணைக்கப்பட்டவர் அந்த இடத்துக்கு வருவார். முதியவரின் உடல்நிலையைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வாரியத்தில் ஆள் இல்லை. ஆள் போட ஃபண்டும் இல்லை. ஆகவே காத்திருப்பவரின் வீட்டாரே வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து எழுதிவர வேண்டும். இதில் அக்கறை அவர்களுக்குத்தானே அதிகம்? இணைப்பு மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும். அதற்குள் காலியாகவில்லை என்றால் இணைப்பு அறுந்து, பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

"உங்களுக்கு நல்ல இணைப்பாப் போட்டிருக்கேன் ஐயா. ஹேடோவுல ஜெகநாதன்னு ஒருத்தர். எண்பத்து மூணு வயசு. சுகர், பிரஷர், ரெண்டு தடவை அட்டாக்" என்றார் சிவபிரகாஷ், கல்யாணத் தரகர் ஜாதகத்தை நீட்டுவதுபோல.

அப்போது டிசம்பர் முதல் வாரம். தம்பையா ஃபாரத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை ஹேடோவுக்குப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றார். என்னவென்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வது? ஆனால் உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"வாரியத்து ஆளா? அரே, வாய்யா உள்ள. இன்னும் இருக்கேன்."

ஜெகநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மகன் சென்னையில். இவர் மட்டும் ஒற்றை அறை வாடகை வீட்டில், ஒரு ஊன்றுகோலும் ஒரு ரேடியோவும் துணையாக இருந்தார். காலையில் வந்து போகும் துணைப் பெண் ஜெயராணி அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். அவள் அவரை ஒற்றைக் கையால் திருப்பி, மறு கையால் தலையணையைச் சரிசெய்த லாகவத்தைப் பார்த்ததும் தம்பையாவுக்கு வயிறு எரிந்தது. இந்தக் கை ரெங்கம்மா மேல் பட்டால் அந்தப் புண் ஆறிவிடும் என்று நினைத்தார். உடனே அந்த நினைப்பின் மறுபாதி என்னவென்று புரிந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபாரத்தை எடு. படி" என்றார் ஜெகநாதன்.

தம்பையா படித்தார். பணியிலிருப்பவர் எழுந்து வந்து கதவு திறந்தாரா? குரல்: கணீர், சுமார், கேட்கவில்லை. உணவு: முழுது, பாதி, நீராகாரம். கடைசியில் ஒரு கட்டம்: காலியாகும் உத்தேசத் தேதி. அதற்குக் கீழே பணியிலிருப்பவர் தாமே கையெழுத்துப் போட வேண்டும், மேற்கண்டவை உண்மை என்று.

"உத்தேசத் தேதிக்கு என்னாங்க எழுதட்டும்?"

"உன் இஷ்டம். எனக்கு வர்ற பொங்கல் ஆகாது, சென்னைலருந்து மகன் வர்றேன்னு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் எப்ப வேணாலும் போட்டுக்க."

ஜெயராணி இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். நாலு மாதம் இப்படியே ஓடியது. சனிக்கிழமை சனிக்கிழமை தம்பையா போவார், இருவரும் டீ குடிப்பார்கள், ஒருவர் இன்னொருவரின் சாவுக்குத் தேதி எழுதுவார், மற்றவர் கையெழுத்துப் போடுவார். திரும்பி வந்ததும் ரெங்கம்மா கோணிய வாயால் கேட்பாள்: "இருக்காரா?" "இருக்காரு" என்பார். அவள் எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் பயம். புண் மட்டும் வாரத்துக்கு வாரம் அகலமாகிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் வாரியம் ஒரு சங்கமம் நடத்தியது. பணியிலிருக்கும் முதியவர்களையும், காத்திருப்போர் வீட்டாரையும் ஒரே மண்டபத்தில் எதிரெதிர் வரிசையில் உட்காரவைத்தார்கள். யார் யாரோடு இணைப்பு என்று தெரிவதற்காக இரண்டு பேர் சட்டையிலும் ஒரே எண்ணைக் குத்தியிருந்தார்கள். முதியவர்கள் எதிரே பார்த்தார்கள். எதிரே இருந்தவர்கள் மேற்கூரையைப் பார்த்தார்கள். ஒரு கிழவிக்கு இருமல் வந்தது. எதிர் வரிசையில் அதே எண்ணைக் குத்தியிருந்த ஒருவர் தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்ததைத் தம்பையா பார்த்தார்.

வாரியத் தலைவர் முத்துகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். மாலை கழுத்திலேயே இருந்தது.

"அன்புள்ளம் கொண்ட மூத்தோரே! யாரும் சாக வேண்டும் என்று இந்த வாரியம் ஒருநாளும் நினைத்ததில்லை. தாமதத்தைத்தான் நாங்கள் விரும்பவில்லை. சென்ற ஆண்டு ஒன்பது காலியிடங்கள் விழுந்தன. இந்த ஆண்டு இதுவரை நான்குதான். பராமரிப்பின் தரம் உயர்ந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். மகிழ்ச்சி. ஆனால் மேலே நிதி கொடுப்பவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 'போன வருஷம் ஒன்பது புதுப் பயனாளி, இந்த வருஷம் நாலா? திட்டம் மந்தமாக இருக்கிறதே' என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வேன்? உங்களில் சிலர் பத்து வருடமாக அதே பணியிடத்தில் இருக்கிறீர்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மனசாட்சியைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்."

கைதட்டினார்கள். முதியவர்களும் தட்டினார்கள், தட்டாவிட்டால் உடல்நிலை மோசம் என்று எழுதிவிடுவார்களோ என்று சிலர் ஓங்கியே தட்டினார்கள். கேள்வி நேரத்தில் காத்தமுத்து என்பவர் எழுந்தார். அவருடைய இணைப்பு பாராடாங் தீவில் இருந்தது. வாராவாரம் விடிவதற்குள் பஸ் பிடித்து, படகில் ஏறி அக்கரைக்குப் போய்ப் பார்த்துவர முடியவில்லை, போர்ட் பிளேரிலேயே நோய் முற்றிய ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். மனுவாகக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார் தலைவர். கடைசியில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் உட்பட.

மார்ச் பிறந்தது. வாரியத்தில் பயிற்சி என்ற தலைப்பில் கொஞ்சம் ஃபண்ட் மிஞ்சியிருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும். ஆகவே துணைப் பெண்கள் அறுபத்து நான்கு பேரையும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்கள் ஒரு ஹோட்டலில் கூட்டி உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின் பொருள்: தனியாக இருக்கும் முதியவர்கள் கீழே விழாமல் தடுப்பது எப்படி.

அந்தச் சனிக்கிழமை மார்ச் இருபத்தெட்டு. தம்பையாவுக்கு அது கடைசி சனிக்கிழமை. அன்று காலை ரெங்கம்மாவின் புண்ணைத் துடைக்கும்போது, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்ததுபோல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டு மீனாவை ரெங்கம்மாவிடம் உட்காரவைத்துவிட்டுப் புறப்பட்டார்.

ஹேடோவில் அந்த வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. "இன்னும் இருக்கேன்" என்ற குரல் வரவில்லை. தம்பையா எட்டிப் பார்த்தார். பாத்ரூம் வாசலில் ஜெகநாதன் குப்புற விழுந்து கிடந்தார். ஒரு கால் உள்ளே, உடம்பு வெளியே. முதுகு லேசாக ஏறி இறங்கியது.

தம்பையா நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஜெயராணி திங்கள்கிழமைதான் வருவாள். தான் வந்தது யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவர் நினைக்கவில்லை, அவைகளாகவே வந்து வரிசையாக நின்றன என்றுதான் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையைப் பார்த்தார். கையில் ஃபாரம் இருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது. 'குரல்' என்ற இடத்தில் 'கேட்கவில்லை' என்பதற்கு நேராக டிக் அடித்திருந்தது. அவருடைய கைதான் அடித்திருந்தது. எப்போது அடித்தது?

பாம்பை உதறுவதுபோல் அதை உதறிவிட்டு உள்ளே ஓடினார். "யாராச்சும் வாங்க! தூக்க ஏலலே, யாராச்சும் வாங்களேன்!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். சேர்ப்பதற்கு ஒரு படிவம். நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். தம்பையா, "வெயிட்டிங் லிஸ்ட்டு" என்றார்.

மறுநாள் ஜெகநாதனுக்கு நினைவு தெளிந்தது. கட்டில் பக்கத்தில் தம்பையா உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரம்யா நின்ன?"

தம்பையா போர்வை நுனியை இழுத்துவிட்டார்.

"நீ வந்த செருப்புச் சத்தம் கேட்டுச்சு. வாய்தான் திறக்க முடியல. கொஞ்ச நேரம்தான் நின்ன. பரவால்ல." ஜெகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு எப்படி இந்தப் போஸ்ட் கிடைச்சதுன்னு நீ கேட்டதே இல்லியே. என்னை சந்திரமதின்னு ஒரு அம்மாவுக்கு இணைச்சிருந்தாங்க. ரிட்டயர்டு டீச்சர். அதுவும் என்னைய மாதிரிதான், பாத்ரூம்ல விழுந்து கிடந்துச்சு. பேச்சு இருந்துச்சு. 'தம்பி'ன்னு கூப்பிட்டுச்சு. நான் வெளிய வந்து, கதவைச் சாத்தி, கொண்டியப் போட்டுட்டு ஜெட்டிக்கு டீ குடிக்கப் போயிட்டேன். ரெண்டு டீ குடிச்சேன்."

தம்பையாவுக்கு நாலு மாதம் இந்த ஆள் வீட்டில் குடித்த டீ முழுவதும் தொண்டைக்கு ஏறியதுபோல் இருந்தது. "அட பாவி மனுசா" என்றார். தன் கை அடித்த அந்த டிக் கண் முன்னால் நின்றது.

பத்து நாளில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. படித்துக்கொண்டு நேரே சிவபிரகாஷிடம் போனார். சிவபிரகாஷ் ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

"காலியிடம் விழறதுக்குத் தடையா இருந்திருக்கீங்கன்னு எழுதியிருக்கே சார்?"

"உங்க மேல யாருக்கும் கோபம் இல்லைங்க ஐயா. நீங்க செஞ்சது மனிதாபிமானம். நான்கூட வீட்ல சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனா ஃபைல் என்ன சொல்லுது? காலியாகப் போற போஸ்ட்ட நீங்களே ஓடிப்போய் காலியாகாமப் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு இந்தப் பணியிடத்துல ஆர்வம் இல்லைன்னுதானே அதுக்கு அர்த்தம்? ஆர்வம் இல்லாதவங்களுக்கு இணைப்பை நீட்டிக்காம அடிக்கு இறக்கணும்னு ரூல் இருக்கு. அம்மா இப்ப நாற்பத்தோராவது."

"அதுவரைக்கும் அவ இருக்க மாட்டாளே சார். புண்ணு எலும்புக்கு வந்திருச்சு."

சிவபிரகாஷ் பேனாவை எடுத்தார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்: "அப்படியா? அப்ப அம்மா பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்கணும்னா எந்தத் தேதின்னு உத்தேசமா சொல்ல முடியுமா?"

தம்பையா எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் நல்லதம்பி காத்துக்கொண்டிருந்தான். தம்பையா குடியிருக்கும் ஷாதிபூரிலேயே அடுத்த சந்தில் இருப்பவன், ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் தாயாரும் படுக்கைதான். அவளைக் குளிப்பாட்டிவிட்டு சவாரிக்குப் போய், நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை. ரெங்கம்மாவுக்கு இளநீர் வெட்டி வாங்கி வந்திருந்தான். அவள் தலையைத் தாங்கிப்பிடித்து அவனே புகட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஜெகநாதன் இணைப்ப எனக்கு மாத்திட்டாங்க. ஜூன் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

"சரிப்பா."

"ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாராமே. காலையில அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனப்புறம் தனியாத்தான் கிடக்காராமே?" நல்லதம்பி ஸ்பூனைத் துடைத்து வைத்தான். "நான் அந்த வீட்டப் பாத்ததில்ல. வாசக் கதவுக்குக் கொண்டி உள்ள மட்டும்தானா, வெளியவும் இருக்கா மாமா?"

வாடகைக்கு வீடு பார்க்கிறவன் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்கிற மாதிரி கேட்டான். அவன் முகத்தில் கெட்டது ஒன்றுமே இல்லை. தூக்கம் கெட்ட கண்கள், அவ்வளவுதான். தம்பையா தன் கையைப் பார்த்தார். இவனும் போய் நிற்பான். இவன் கையும் தானாக எழுதும்.

"பாத்ததில்லப்பா. தெரியல" என்றார்.

அவன் போனபிறகு அவர் ரெங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சந்திரமதியை, டிக்கை, நாற்பத்தொன்றை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிச் சொன்னாள்: "என்னைய... ஒருக்களிச்சுப் போட்டுட்டு... நீங்க போங்க. நாலு மணி வரைக்கும்... நான் தாங்குவேன்."

தம்பையா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மீனாவிடம் சொல்லிவிட்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஹேடோவுக்கு பஸ் ஏறினார்.

ஜெகநாதன் கட்டிலில் அசைய முடியாமல் கிடந்தார். தம்பையா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் கதவின் மேல் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். திருகாணிகள் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தன.

"யோவ்! கியா கர் ரஹா ஹை? என்னய்யா பண்ற?"

"கதவக் கழட்டுறேன்."

"பைத்தியமாய்யா உனக்கு? ஹார்பர் பக்கம்யா இது. கண்டவன் சுத்துவான். திருடன் வந்தா?"

"வரட்டும்ங்க. திருடனுக்கு உங்க ரேடியோதான் வேணும். நீங்க விழுந்து கெடந்தா தூக்கிவிட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போவான்."

கீழ்க் கீலும் கழன்றது. தம்பையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தள்ளாடித் தள்ளாடி வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தார். அந்த ஒற்றை அறை முழுவதும் தெருவுக்குத் தெரிந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று உள்ளே பார்த்தார்கள். ஒரு நாய் வாசல்வரை வந்து மோந்துவிட்டுப் போனது.

ஜெகநாதன் அந்த வெறும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தம்பையா திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு புறப்படும்போதுதான் அவர் குரல் வந்தது. கணீர் என்றும் சொல்ல முடியாது, சுமார் என்றும் சொல்ல முடியாது.

"தம்பையா. பாத்ரூம் கதவையும் எடுத்துருய்யா."

மணி மூன்றரை ஆகியிருந்தது. தம்பையா மறுபடி ஸ்டூலைப் போட்டார்.